வளைவின் மேல் இருந்த பெட்டி

குருவன்தேரிக்குள் பஸ் நுழைகிற வளைவின் உச்சியில் வரைந்திருந்த பெட்டியின் மூடி, ஆடி பிறந்த அன்று காலையில், ஒரு நெல்மணி நுழைகிற அளவுக்குத் திறந்துகொண்டது. அதை முதலில் கண்டது தாங்கள்தான் என்று இப்போது ஊரில் நாலைந்து பேர் சொல்லித் திரிகிறார்கள். திரியட்டும். வளைவுக்கு நேர் எதிரே தையல் மிஷினைப் போட்டு உட்கார்ந்திருக்கிறவள் நான், கொக்கி வைத்துக் கண் வலித்தால் நிமிர்ந்து பார்ப்பது அந்தப் பெட்டியைத்தான், ஆகையால் எனக்கு முன்னால் அதைப் பார்த்திருக்க ஒருவருக்கும் முகாந்திரம் கிடையாது. பார்த்தேன், காற்றடிக்கிற மாதம், எதுதான் திறக்காது என்று நினைத்துக்கொண்டு அடுத்த கொக்கியைத் தைத்தேன்.

அந்தச் சின்னம் எங்களுக்கு வந்ததே பொறாமையால்தான். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வளைவில் சிமெண்டு வாழைத்தார் ஒன்றைச் செய்து பச்சையும் மஞ்சளுமாக வண்ணம் அடித்து வைத்த நாளிலிருந்து எங்கள் ஆண்களுக்குச் சோறு இறங்கவில்லை. உடனே கிராமசபையைக் கூட்டினார்கள். ராஜாக்களுக்கு இருந்ததுபோல நமக்கும் கேடயமும் வாசகமுமாக ஒரு சின்னம் வேண்டும் என்று பிரசிடெண்டு தாமோதரன் மைக்கில் பேசினார். பனைமரம் என்றார் ஒருவர், அதுதான் எல்லா ஊரிலும் நிற்கிறதே என்று அவரை உட்கார வைத்தார்கள். கருப்பட்டி என்றார் இன்னொருவர், தூரத்திலிருந்து பார்த்தால் தார் ஒழுகினதுபோலத் தெரியும் என்று அதையும் தள்ளினார்கள். கடைசியில் யாரோ மூடுபெட்டி என்றதும் கூட்டம் முழுவதும் கைதட்டியது. பனங்குருத்தோலையில் எங்கள் பெண்கள் முடைகிற மூடுபெட்டியில் தண்ணீர் ஊற்றினாலும் ஒழுகாது என்பார்கள், ஊற்றிப் பார்த்தவர் யாரும் இல்லை என்றாலும் பெயர் பெயர்தான். அதோடு எங்கள் வட்டாரத்தின் மானமே அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

எங்கள் பக்கம் கல்யாணப் பெண் தன் தாய் முடைந்து, சீர் போட்டு மூடிக் கொடுத்த மூடுபெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டுதான் மாமியார் வீட்டுப் படி ஏறுவாள். மாமியார் வாசலில் நின்று அதை இரண்டு கையாலும் வாங்குவாள், வாங்கும்போது இடுப்பை வளைத்து, "அம்மாடி, என்ன கனம், தூக்க முடியலயே" என்று தெரு முழுக்கக் கேட்கச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பெண்ணைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பிறகு அந்தப் பெட்டி உள்ளறையில் உத்திரத்துப் பலகையில் ஏறிவிடும். அதற்குள் என்ன இருக்கிறது என்று மாமியார் கேட்கக் கூடாது, புருஷன் கேட்கக் கூடாது, வேண்டுமானால் தூக்கிப் பார்க்கலாம், திறக்கக் கூடாது. திறக்கிற உரிமை கொண்டு வந்தவளுக்கு மட்டும்தான், அவளும் அந்த வீட்டை விட்டு ஒரேயடியாகப் போகிற நாளில்தான் திறப்பாள். அதனால் எங்கள் பக்கம் ஒருத்தி புருஷனை விட்டுப் போய்விட்டாள் என்றால், போய்விட்டாள் என்று சொல்வதில்லை, பெட்டியைத் திறந்துட்டா என்றுதான் சொல்வார்கள்.

வரைவதற்கு டவுனிலிருந்து ஆர்ட்டிஸ்ட் மோசஸ் வந்தார். பார்த்து வரைய ஒரு பெட்டி வேண்டும் என்றார். ஊரிலேயே அழகான பெட்டி பம்புசெட் மெக்கானிக் ஆதிலிங்கத்தின் மனைவி லிங்கக்கனியுடையது, ஆற்றங்கரை ஊரிலிருந்து அவள் அம்மை முடைந்து கொடுத்தது, சிவப்பும் ஊதாவுமாகச் சாயம் போட்ட ஓலை இத்தனை வருஷத்தில் ஒரு இழை விடவில்லை. லிங்கக்கனி தரமாட்டேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ஆதிலிங்கம் கேட்பதாக இல்லை, தானே இறக்கி, மூச்சு வாங்கத் தூக்கி வந்து, வேப்பமரத்து நிழலில் ஸ்டூல்மேல் வைத்து, "பாத்தீங்களா கனத்த, எம் பொண்டாட்டி வெறுங்கையோட வரல" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். மோசஸ் வரைந்து முடிக்கும்வரை லிங்கக்கனி பக்கத்திலேயே நின்றாள், கை மூடிக்கு அருகிலேயே இருந்தது. இரண்டு பக்கமும் பனைமரம், நடுவில் கேடயம், கேடயத்துக்குள் மூடுபெட்டி, கீழே ஒரு நாடாவில் "கட்டிக் காப்போம்" என்ற வாசகம். வாழைத்தார்க்காரர்கள் பஸ்ஸில் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு போனார்கள் என்று கேள்வி.

அந்த மூடிதான் திறந்தது. நெல்மணி அளவு ஒரு விரல் அளவாக ஆனபோது பிரசிடெண்டு மோசஸை வரவழைத்தார். மோசஸ் ஏணி வைத்து ஏறி, மூடியை மூடினபடி மறுபடி வரைந்து, இறங்கி டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே ஈர வண்ணத்தோடு அது மறுபடி மேலே எழும்பியது. "நான் வரஞ்சது மூடினதுதான் அண்ணாச்சி, தொறக்கது நான் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனவர் பிறகு போனை எடுக்கவில்லை. தார்ப்பாய் போட்டு மூடினார்கள், தார்ப்பாய் அந்த இடத்தில் புடைத்துக்கொண்டது. கோயில் பூசாரி எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டார், அவை காய்ந்து போயின. பஞ்சாயத்து ரப்பர் முத்திரையில் இருந்த பெட்டியும், தண்ணீர்த் தொட்டியில் இருந்த பெட்டியும், ரேஷன் கடைச் சுவரில் இருந்த பெட்டியும் அதே அளவுக்குத் திறந்திருந்தன. பிறப்புச் சான்றிதழ் வாங்கிப் போனவர்களுக்கு எங்கேயும் ஒரு மறுப்பும் வரவில்லை, உங்கள் சின்னம் முன்னைவிட லட்சணமாக இருக்கிறது என்று ஒரு கிளார்க் சொன்னாராம். கொஞ்ச நாளில் மூடியை வைத்தே நாள் சொல்லப் பழகிவிட்டோம், ஒரு விரல் திறந்திருந்த அன்றைக்குத்தான் மாடு கன்று போட்டது, ஒன்றரை விரல் அன்றைக்குத்தான் மச்சான் வந்து போனார் என்று.

பழகாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான், சந்தேகம். ஊரின் பெட்டி திறக்கிறது என்றால் ஊரில் ஒருத்தி போகப் போகிறாள் என்றுதானே அர்த்தம், யார் அவள் என்று ஆண்கள் டீக்கடையில் யோசித்தார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவன் பெண்டாட்டியைச் சந்தேகித்தார்கள், வீட்டுக்கு வந்ததும் தன் பெண்டாட்டியைச் சந்தேகித்தார்கள். நன்றாகச் சமைத்தால் ஏன் நன்றாகச் சமைக்கிறாள் என்று பார்த்தார்கள், உப்பு கூடினால் மனசு இங்கே இல்லை என்றார்கள். தலைக்குக் குளித்தால் சந்தேகம், பஸ் சத்தம் கேட்டுத் திரும்பினால் சந்தேகம். பெண்கள் குளிக்கப் போன நேரம் பார்த்து உத்திரத்துப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்கள், கனம் குறையாமல் இருந்தால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வெளியே வந்து பீடி பற்ற வைத்தார்கள். என் வீட்டுக்காரரும் தூக்கிப் பார்த்தார், அவர் சட்டைத் தோளில் உத்திரத்து ஒட்டடை ஒட்டியிருந்ததை நான் தட்டிவிட்டேன்.

பெண்களின் சந்தேகம் வேறு மாதிரி. அதை நான் கடை வாசலைக் கூட்டும்போது தெரிந்துகொண்டேன். எங்கள் ஊர் மண் செக்கச்செவேல் என்று இருக்கும், தேரி மணல், உடுத்தின வேட்டிகூட ஒரு மாதத்தில் காவியாகிவிடும். அப்படிப்பட்ட ஊரில் வளைவுக்கு அடியில், பெட்டிக்கு நேர் கீழே, ஒருநாள் காலையில் ஒரு பிடி வெள்ளை மணல் கிடந்தது, ஆற்று மணல். கூட்டித் தள்ளினேன். மறுநாளும் கிடந்தது, அதையும் தள்ளினேன். அதற்கடுத்த நாள் விழுந்து கிடந்தது கரிசல் மண். கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன், ஏனென்றால் நான் கரிசல்காட்டுக்காரி, என் பெட்டிக்குள் இருப்பது அதுதான்.

இதைச் சொல்வதில் எனக்கு இப்போது வெட்கம் இல்லை. எங்கள் வீட்டில் பெட்டிக்குள் போட ஒன்றும் இருக்கவில்லை, மழை பொய்த்த வருஷம், இருந்த காதுத் தோட்டையும் அப்பா வண்டிமாட்டுக்காக அடகு வைத்துவிட்டார். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் என் அம்மை கொல்லைப்புறம் போய்ப் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு மண்ணை அள்ளினாள், கட்டி தட்டி, பழைய வேட்டியில் பொதிந்து, பெட்டிக்குள் இறக்கி மூடினாள். "கனம் இருந்தாப் போதும் தாயி, உள்ள என்னன்னு யாரு பாக்கப் போறா" என்றாள். அவள் சொன்னதுபோலவே என் மாமியார் இடுப்பை வளைத்து அம்மாடி என்றாள், தெரு கேட்டது, நான் தலைநிமிர்ந்து வாழ்ந்தேன். அத்தனை வருஷமும் இந்த ஊரில் மண்ணோடு வந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் வெள்ளை மணல் யாருடையது என்று எனக்கு உறைத்தது, லிங்கக்கனி ஆற்றங்கரைக்காரி.

அவளுடைய பாடு என்னுடையதைவிட மோசம். அவள் மகள் சுபலட்சுமிக்கும், அடுத்த தெரு செந்தூர்க்கனியின் மகன் கார்த்தீசனுக்கும் ஆவணியில் கல்யாணம் என்று தட்டு மாற்றியிருந்தது. பிள்ளைகள் இரண்டும் காலேஜ் பஸ்ஸில் பேசி முடிவு செய்த பிறகு பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்த கல்யாணம். அந்தச் செந்தூர்க்கனி இருக்கிறாளே, அவளுக்குச் சந்தேகம்தான் காபி, சந்தேகம்தான் பலகாரம், நான் அளந்த துணியை வீட்டில் போய் மறுபடி அளந்து பார்க்கிறவள். லிங்கக்கனி என் கடையில் மகளின் கல்யாண ரவிக்கைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தபோது அவள் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"சம்மந்தி, நான் மனசுல ஒண்ண வச்சிக்கிட்டு வெளிய ஒண்ணு பேசத் தெரியாதவ. வளைவுல தொறக்குது ஒங்க பெட்டி. ஒங்க பெட்டியப் பாத்துதான வரஞ்சாவ?"

"என் பெட்டி எங்க வீட்ல மூடித்தான் இருக்கு சம்மந்தி" என்றாள் லிங்கக்கனி.

"இருக்கும். ஆனா ஊரு பேசுதுல்லா. நீங்க வீட்ட விட்டுக் கெளம்பப் போறீயன்னு பேசுதாவ. உள்ள என்னத்தையோ சேத்து வச்சிருக்கீயன்னு பேசுதாவ. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைய எம் படியேத்திட்டு நாளைக்கு நான் யாருக்குப் பதில் சொல்லுவேன்?"

"நான் எங்க போறேன்? இந்த வயசுல எனக்குப் போக்கிடம் ஏது?"

"அப்ப பெட்டிய ஊருக்கு முன்னால எறக்கித் தொறந்து காட்டுங்க. காட்டுனா கல்யாணம். இல்லன்னா தட்ட திருப்பி அனுப்பிருதேன், எனக்கும் வேற வழி தெரியல" என்று சொல்லிவிட்டுச் செந்தூர்க்கனி குடையை விரித்தாள். வாசலில் நின்று வளைவை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள், அந்தப் பார்வையில் ஏதோ இருந்தது, எனக்கு அப்போது விளங்கவில்லை.

லிங்கக்கனி அளவு நாடாவை எடுத்து விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணைப் பார்த்து, எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் எடுத்தேன், எடுத்த வாயை மூடிக்கொண்டேன். மூடிவைத்தே பழகின ஊர் இது.

பேச்சு பிரசிடெண்டின் காதுக்குப் போனது. அவருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. வெள்ளிக்கிழமை காலையில் வளைவுக்குக் கீழே முதலில் லிங்கக்கனி பெட்டியைத் திறப்பது, மறுநாளிலிருந்து வீட்டுக்கு வீடு எல்லாப் பெட்டியையும் வரிசையாகத் திறப்பது, ஊர் சொல்லித் திறந்தால் அது வீட்டை விட்டுப் போகிற கணக்கில் சேராது, சந்தேகம் தீரும், சின்னத்துக்கும் புத்தி வரும் என்று ஒலிபெருக்கியில் சொல்ல வைத்தார். ஆண்கள் சரி என்றார்கள். பெண்கள் அடுப்படிக்குப் போனார்கள், அன்று எல்லா வீட்டிலும் குழம்பு அடிப்பிடித்தது, தெரு முழுக்கத் தீய்ந்த வாசனை.

வியாழக்கிழமை உச்சிவெயிலில் நான் என் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே செம்மணல் மேடாகக் கிடக்கிற தேரிக்குக் கிளம்பினேன். பிடிபடாமல் போவது ஒன்றும் கஷ்டமில்லை, ஆண்கள் எல்லோரும் வளைவுப் பெட்டியைக் காவல் காத்துக்கொண்டிருந்ததால் வீட்டுப் பெட்டிகளைக் காவல் காக்க ஆள் இல்லை. தேரியில் மண்ணைக் கொட்டிவிட்டு, அதற்குப் பதிலாக இரண்டு சேலையையாவது மடித்து வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். முந்திரித் தோப்பைத் தாண்டிச் செம்மேட்டில் ஏறினால், அங்கே லிங்கக்கனி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மூடி திறந்திருந்தது. வெள்ளை மணலில் இரண்டு கையையும் மணிக்கட்டு வரை புதைத்து வைத்திருந்தாள்.

"கொட்ட மனசு வரமாட்டேங்குது டெய்லர்க்கா" என்றாள் என்னைப் பார்த்து. "எங்கம்மை கையால அள்ளுனது. அவ போய்ச் சேந்துட்டா. அவ கொடுத்ததுன்னு எங்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு. இதக் கொட்டிட்டா நான் நெசமாவே வெறும்பெட்டிதான்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் மூடியைத் திறந்தேன். கரிசல் மண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மினாள். அப்போதுதான் கீழே முந்திரி மரங்களுக்குள் ஏதோ அசைந்தது. தலையில் பெட்டியோடு ஒருத்தி வந்தாள், எங்களைக் கண்டதும் திகைத்து நின்றாள். "முந்திரிக்கொட்டை பெறக்க வந்தேன்" என்றாள். ஆடியில் எங்கேயடி முந்திரிக்கொட்டை என்று கேட்பதற்குள் அவள் பின்னால் இன்னொருத்தி, அவள் பின்னால் இன்னொருத்தி, விறகுக்கு வந்தேன் என்றாள் ஒருத்தி, சாணிக்கு என்றாள் ஒருத்தி, காத்தாட வந்தேன் என்றாள் அந்த வெயிலில் ஒருத்தி. எல்லார் தலையிலும் மூடுபெட்டி. ஒவ்வொருத்தியாக மேட்டில் ஏறி, திறந்திருந்த எங்கள் பெட்டிகளைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஒருத்தி பெட்டிக்குள் கடற்கரை மணல், சிப்பியோடு. ஒருத்தி பெட்டிக்குள் களிமண், குளத்திலிருந்து அள்ளியது, இறுகிக் கல்லாகியிருந்தது. ஒரு மகராசி பெட்டியில் உடைந்த அம்மிக்கல், அவள் அம்மைக்கு மண் அள்ளக்கூட நேரம் இருக்கவில்லை போல.

கடைசியாகக் குடை தெரிந்தது. குடைக்குக் கீழே பெட்டி, பெட்டிக்குக் கீழே செந்தூர்க்கனி. எங்களைப் பார்த்ததும் அவள் திரும்பி ஓடியிருக்கலாம், ஓடவில்லை, பெட்டியைத் தலையிலிருந்து இறக்கத் தெரியாமல் அப்படியே நின்றாள். லிங்கக்கனிதான் எழுந்து போய் இறக்கினாள். இறக்கும்போது, "அம்மாடி, என்ன கனம் சம்மந்தி" என்றாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள், பிறகு மேடு முழுக்கச் சிரிப்பு, எங்கள் ஊர்ப் பெண்கள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. செந்தூர்க்கனியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்தாள், திறந்ததும் அழுதாள். உப்பளத்து மண், சாம்பல் நிறத்தில் பூத்துப் போயிருந்தது.

"எம் பெட்டியில மண்ணு இருக்கவும்தான் ஊர்ல ஒருத்தி பெட்டியவும் நான் நம்பல" என்றாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான், ஆனால் குற்றம் யாருடையது என்று நாங்கள் அங்கே பேசிக்கொள்ளவில்லை, எங்கள் அம்மைகளை அங்கே யாரும் குற்றம் சொல்லத் தயாராக இல்லை.

கொட்டலாம் என்று எழுந்தபோதுதான் இன்னொரு சங்கடம் தெரிந்தது. ஒருத்தி ஒரு பிடி கொட்டிப் பார்த்தாள், செம்மண்ணில் அது தேமல் மாதிரிப் பளிச்சென்று தெரிந்தது. வெள்ளையும் கறுப்பும் சாம்பலுமாக இத்தனை மண்ணைக் கொட்டினால் பனையேறுகிறவன் மேலிருந்து பார்த்து ஊருக்கே சொல்லிவிடுவான். எங்கள் பக்கம் மண்ணைக்கூட ஒளிக்க முடியாது. காற்று மணலை அள்ளி எங்கள் மேல் வீசிக்கொண்டிருந்தது.

"திரும்பித் தூக்குங்கட்டி" என்றாள் செந்தூர்க்கனி. "இவள மட்டும் தொறக்கச் சொன்னது நான். நாளைக்கு எல்லாரும் தொறப்போம். மொதல்ல நான்."

வெள்ளிக்கிழமை வளைவுக்குக் கீழே நாற்காலி போட்டிருந்தார்கள். மூடி அன்றைக்கு ஒரு சாண் திறந்திருந்தது. ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள், ஒவ்வொருவரும் தன் வீட்டுப் பெட்டியின் கனத்தைப் பற்றி எத்தனையோ வருஷமாக எவ்வளவோ சொல்லியிருந்தார்கள், அதையெல்லாம் இப்போது நினைத்துப் பார்த்திருப்பார்கள். லிங்கக்கனி பெட்டியோடு வந்தாள். அவள் பின்னால் நாங்கள் எல்லோரும் பெட்டியோடு வந்தோம். பிரசிடெண்டு எழுந்துவிட்டார்.

"இன்னைக்கு ஒரு பெட்டிதான், எல்லாரும் எதுக்கு வந்திருக்கீய?" என்றார்.

"எப்படியும் தொறக்கணும்லா அண்ணாச்சி, அதுக்குத் தனித்தனியா எதுக்கு?" என்று சொல்லிவிட்டுச் செந்தூர்க்கனி தன் புருஷனுக்கு முன்னால் பெட்டியை இறக்கி வைத்தாள். அவர் உப்பளத்தில் கங்காணியாக இருந்து ஓய்ந்தவர், அதிகம் பேசாதவர். அவள் மூடியைத் திறந்து தள்ளி வைத்தாள்.

"பாத்துக்கிடுங்க. எங்கம்மை குடுத்தனுப்புனது. தொறந்துட்டேன். தொறந்தா போயிரணும்னு வழக்கம், ஊரு சொன்னா சேராதுன்னு பிரசிடெண்டு சொல்லுதாரு. ஊரு சொல்ல வேண்டாம், நீங்க சொல்லுங்க. போவட்டா, இருக்கட்டா?"

அவர் குனிந்து பார்த்தார். ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கினார், மோந்தார், பழக்கத்தில் நாக்கு நுனியில்கூட வைத்துப் பார்த்தார். பிறகு, "இந்த மண்ணையா நான் வருசத்துக்கு ஒருக்க தூக்கித் தூக்கிப் பாத்தேன்" என்றார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "வெயிலு ஏறுது, வீட்டுக்கு வா" என்றார்.

அதன் பிறகு வளைவுக்குக் கீழே மூடி திறக்கிற சத்தம்தான் கேட்டது, காய்ந்த ஓலை உரசுகிற சத்தம். ஒவ்வொருத்தியும் தன் புருஷன் முன்னால் திறந்தாள். சிலர் திட்டினார்கள், ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார், சாயங்காலம் பசியோடு திரும்பி வந்தார். என் வீட்டுக்காரர் என் கரிசல் மண்ணைப் பார்த்துவிட்டு, இதில் பருத்தி நன்றாக வரும் என்றார், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னதுதான், ஆனாலும் எனக்கு அது போதுமாக இருந்தது. ஆதிலிங்கம் பெட்டிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். லிங்கக்கனியின் பெட்டியை மூச்சு வாங்கத் தூக்கி வந்து ஊருக்குக் காட்டியவர் அவர். கடைசியில் அவர் வெள்ளை மணலில் ஒரு பிடியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், ஏன் என்று இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை.

மிச்சத்தை எல்லாம் வளைவுக்கு அடியில் பஞ்சாயத்து எத்தனையோ வருஷமாக மூடாமல் வைத்திருந்த குழியில் கொட்டினோம். எங்கள் அம்மைகள் அள்ளின மண்ணில் குழி நிறைந்தது, இப்போது பஸ் அங்கே குலுங்காமல் வருகிறது. கொட்டி முடித்து நிமிர்ந்தபோது சின்னத்தில் இருந்த பெட்டி முழுவதும் திறந்திருந்தது, மூடி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. உள்ளே வண்ணம் இல்லை, வெறும் சிமெண்டுப் பூச்சுதான் தெரிந்தது, மோசஸ் உள்பக்கத்தை வரையவில்லை. முத்திரையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் அப்படியே. "கட்டிக் காப்போம்" என்ற வாசகத்தை அழிக்கலாமா என்று கிராமசபையில் பேச்சு வந்தது, முடிவு எட்டவில்லை, கிடக்கிறது. ஆண்களுக்குச் சந்தேகம் தீர்ந்ததா என்றால் தீரவில்லை. மண்ணுக்கு அடியில் வேறு என்னமோ இருந்திருக்கும், முந்தின நாளே எடுத்திருப்பார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள், நான் வெளியே போனால் என் வீட்டுக்காரர் அந்த வெறும் பெட்டியை இப்போதும் தூக்கிப் பார்க்கிறார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. லிங்கக்கனி மகளுக்குப் புதுப்பெட்டி முடைந்திருந்தாள், சிவப்பும் ஊதாவும், ஆனால் மூடி முடையவில்லை. சுபலட்சுமி அந்தத் திறந்த பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் தெரு வழியாக நடந்து போனாள், காற்றில் அது பறந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை என்று மாடியில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். செந்தூர்க்கனி வாசலில் நின்றாள், இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள், இடுப்பை வளைத்தாள். "அம்மாடி, என்ன கனம், தூக்க முடியலயே" என்றாள். பெண்கள் சிரித்தோம், நல்ல நடிப்பு என்று. அவள் முழங்கால் மடங்கியது, நெற்றியில் வேர்வை பூத்தது, "ஏட்டி, பிடிங்கட்டி" என்றாள், அப்போதும் சிரித்தோம். ஆண்கள் கழுத்தை நீட்டிப் பெட்டிக்குள் பார்த்தார்கள், நானும் எட்டிப் பார்த்தேன், ஓலையைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. சரி, விளையாட்டுக்கு நாமும் பிடிப்போம் என்று நானும் லிங்கக்கனியும் போய் ஆளுக்கொரு பக்கம் கை கொடுத்தோம். மூன்று பேரும் சேர்ந்துதான் அதை உள்ளே கொண்டுபோய் வைக்க முடிந்தது.